கம்மி ஆச்சா என்று நீ கேட்டபோது

உன் ஃபிளாஸ்க் இப்போது என் வீட்டுச் சமையல் மேடையில் இருக்கிறது. நீலக் கலர், அடியில் ஒரு பக்கம் நசுங்கியது, மூடியே டம்ளராகும் வகை. இரண்டு வருடமாக யாரும் தொடாத பாத்திரம், உள்ளே துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருக்கிறது. ஆனால் மூடியைத் திருகியதும் அந்த வாசம் வந்துவிட்டது. அசோகப் பட்டையைப் பாலில் கொதிக்க வைத்த துவர்ப்பு வாசம். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் ஏறியது எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை போலிருக்கிறது. நான் மூடியை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

கொண்டுவந்து கொடுத்தவள் உன் மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினாள். பின்னலை எடுத்து முன்பக்கம் தோளில் போட்டிருந்தாள். என் கண் அதிலேயே நின்றது. பின்னல் முன்னால் கிடந்தால் என்ன அர்த்தம் என்று நம் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு நீதானே சொல்லிக்கொடுத்தாய்.

"அம்மா சாமானெல்லாம் எடுத்து வெச்சிட்டிருந்தேன் ஆன்ட்டி, இது கிடைச்சுது" என்று ஃபிளாஸ்க்கை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பாதி அளவுக்கு அசோகப் பட்டை. பிறகு, "எனக்கும் ரொம்ப போகுது ஆன்ட்டி. மாசாமாசம் எட்டு நாள், ஒம்போது நாள். ஆபீஸ்ல உக்காரவே முடியறதில்ல. இதைக் குடிச்சுத்தான் உங்களுக்கு குணமாச்சுன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க இல்லையா? எப்படி காய்ச்சணும்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள்.

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. ஆறு வருடம் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய்வந்தும் நான் சொல்லாமல் விட்டது.

நாம் சிநேகிதமானதே அந்த விஷயத்தால்தான், ஞாபகம் இருக்கிறதா? நான் குண்டலுபேட்டைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் வருடம். ஆகஸ்ட் பதினைந்து. டீச்சர்கள் எல்லோரும் வெள்ளைப் புடவை கட்ட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். எனக்கு அன்று மாதவிலக்கில் இரண்டாவது நாள். ஒரு மணிநேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன், தாங்கவில்லை. கொடி ஏறி, பாட்டு முடிந்து, தலைமை ஆசிரியர் பேச ஆரம்பித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. முன்னால் நானூறு பிள்ளைகள். பின்னால் ஊர்ப் பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்தால் மானம் போகும், நின்றாலும் போகும்.

கழுத்தில் விசிலோடு எங்கோ நின்றிருந்த நீ எப்படிப் பார்த்தாயோ, என் முதுகுக்குப் பின்னால் உன் குரல் கேட்டது. "திரும்பாதே. நேரா ஸ்டாஃப் ரூமுக்கு நட. நான் ஒட்டிக்கிட்டே வர்றேன். லெஃப்ட்ல ஆரம்பி." நாம் இரண்டு பேரும் ஒரே காலடி வைத்து மைதானத்தைக் கடந்தோம். நீ மெதுவாக, லெஃப்ட், ரைட், லெஃப்ட் என்று சொல்லிக்கொண்டே வந்தாய். முன்வரிசையில் நின்ற எட்டாம் வகுப்புப் பையன்கள் அதையும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து நமக்கு சல்யூட் அடித்தார்கள். நீ பதிலுக்கு சல்யூட் அடித்தாய் பார், அந்த அவமானத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்டாஃப் ரூமில் உன் பையிலிருந்து கறுப்புப் பேன்ட்டும் டீ ஷர்ட்டும் எடுத்துக் கொடுத்தாய். நான் அறிவியல் டீச்சர், அதுவரை பேன்ட் போட்டதே கிடையாது. "எப்பவும் இப்படியா?" என்றாய்.

"எப்பவும் இப்படித்தானுங்க. பழகிப்போச்சு" என்றேன்.

"பழகிப்போச்சுன்னா சரியாப்போச்சுன்னு அர்த்தமா? அப்புறம், என்ன அது, 'தானுங்க'? நான் உன் வயசுதான். வாங்க போங்க எல்லாம் உன் ஊரு ஹனூர்ல வெச்சுக்கோ."

அன்று மாலை பஸ்ஸில்தான் தெரிந்தது, நீயும் மைசூர் விஜயநகர்தான், என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி என்று. உன் அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர், நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவள். உன் தமிழில் பாதி கன்னடம். என் தமிழோ கொள்ளேகால் பக்கத்துத் தமிழ், நான் வாயைத் திறந்தாலே உனக்குச் சிரிப்பு. என்னை நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "சயின்ஸு" என்பாய். விளையாட்டு டீச்சரான உன்னை நான் "பீட்டி" என்பேன். ஐம்பதை நெருங்கும் இரண்டு பெண்கள் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வதை அந்த ஆறே முக்கால் பஸ் கண்டக்டர் வினோதமாகப் பார்ப்பார்.

பின்னல் விஷயத்துக்கு வருகிறேன். உன் விளையாட்டுப் பீரியடில் எந்தப் பெண்ணும் வந்து "மேடம், வயித்து வலி" என்று பையன்கள் முன்னால் சொல்ல வேண்டியதில்லை. பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொள்ளலாம். நீ ஏன் என்று கேட்கமாட்டாய், வருகைப் பதிவிலும் ஒன்றும் எழுதமாட்டாய். எத்தனையோ வருடமாக நடந்தும் பையன்கள் ஒருவனுக்கும் அது புரியவில்லை. ஒரு பெண் மாதத்தில் இரண்டு முறை மரத்தடிக்குப் போனால் மட்டும் நீ அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்புவாய். அவ்வளவு விவரம் உனக்கு இருந்தது. உன் விஷயத்தில் மட்டும் அந்த விவரம் எங்கே போயிற்று என்று எத்தனையோ நாள் உன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். பிறகு அது போனதற்குக் காரணமே நான்தான் என்று ஞாபகம் வரும், வாயை மூடிக்கொள்வேன்.

என்னைச் சரிசெய்வது என்று நீ முடிவு செய்துவிட்டாய். நீ முடிவு செய்தால் அப்புறம் யார் தடுப்பது? முதலில் சாப்பாட்டில் ஆரம்பித்தாய். தேதி நெருங்குவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து உன் டிபன் பெட்டியில் எனக்கும் சேர்த்து ராகிக் களியும் முருங்கைக்கீரையும் வரும். மாதுளம் தோலைக் காயவைத்துப் பொடித்து மோரில் கலந்து கொடுத்தாய். எள்ளும் பப்பாளியும் அந்த நாட்களில் கிட்டே வரக்கூடாது என்று உத்தரவு போட்டாய். இதையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவின ஈரம் காய்வதற்குள் இரண்டு பேரும் ஸ்ட்ராங்காக ஒரு ஃபில்டர் காபி குடிப்போம். ராகியிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் காபி தடுத்துவிடும் என்று பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. மைசூரில் இருந்துகொண்டு காபியைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்.

வாழைப்பூதான் உனக்கு ரொம்ப இஷ்டம். குண்டலுபேட்டைச் சந்தையில் சாயங்காலம் வாங்கி, திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஆய ஆரம்பித்துவிடுவோம். ஒவ்வொரு பூவிலும் உள்ள நரம்பையும் செதிலையும் கிள்ளிப் போட வேண்டும். மடியில் செய்தித்தாள், சிவப்பு மடல்கள் கால் நடுவில். நஞ்சன்கூடு வருவதற்குள் விரலெல்லாம் கறுத்துப்போய்விடும். "பஸ்ஸா, உங்க சமையல் கட்டா மேடம்?" என்று கண்டக்டர் கேட்டதற்கு, "கண்டக்டரே, உங்க வீட்டம்மாவுக்கும் ரெண்டு கைப்பிடி தரட்டுமா? ரொம்ப நல்லது" என்றாய். எதற்கு நல்லது என்று அவர் கேட்க, நீ பச்சையாகப் பதில் சொல்ல, அந்த ஆள் அப்புறம் நம் பக்கம் டிக்கெட் கொடுக்க வருவதற்கே கூச்சப்பட்டார்.

சாப்பாட்டால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது உண்மை. போக்கு குறையவில்லை. அப்போதுதான் நீ கஷாயத்துக்கு வந்தாய். தேவராஜ மார்க்கெட் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய், கடைக்காரரோடு அரைமணி நேரம் கன்னடத்தில் சண்டை போட்டு, நல்ல பட்டை எது, கலப்படம் எது என்று முகர்ந்து பார்த்து வாங்கி வந்தாய். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பாலும் தண்ணீரும் விட்டுச் சுண்டக் காய்ச்சுவாய். உன் வீட்டு வேலை, மகளுக்கு டிபன், இதற்கு நடுவில் எனக்குக் கஷாயம். நஞ்சன்கூடு பஸ் நிலையத்தில் பஸ் நிற்கும் ஐந்து நிமிடத்தில் மூடியில் ஊற்றி நீட்டுவாய். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடி கணே" என்று கன்னட 'டீ' போட்டுச் சொல்வாய். நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஒரு மாதம் ஆயிற்று. என் தேதி வந்தது, போயிற்று. அடுத்த நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாய். "கம்மி ஆச்சா?"

பீட்டி, அந்த மாதம் எனக்கு இதுவரை இல்லாத அளவுக்குப் போயிருந்தது. மூன்றாம் நாள் வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் கண்ணைப் பார்த்தேன். நாலரை மணிக்கு எழுந்த கண். ஓரம் சிவந்திருந்தது. "கொஞ்சம் கம்மியானாப்பல இருக்குது" என்றேன்.

நீ விசிலை எடுத்து ஊதினாய். ஓடுகிற பஸ்ஸுக்குள்! டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். யாரோ இறங்க வேண்டுமாக்கும் என்று நினைத்திருப்பார். கண்டக்டர் திட்டினார், நீ கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "ஆனாப்பலவாம், ஆனாப்பல! பார்த்தியா, நான் சொன்னேன்ல?" என்றாய். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அதைத் திருப்பி வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த மாதமும் கேட்டாய். இன்னும் கொஞ்சம் கம்மி என்றேன். மூன்றாவது மாதம், நல்ல கம்மி. பொய்யும் ஒழுங்காக முன்னேறிக்கொண்டே போயிற்று. ஆய்வகத்தில் ஊசலின் ஆட்டத்தை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் எண்ணாமல் புத்தகத்தில் இருக்கும் விடையை எழுதிவிடுவார்கள். "பார்த்ததை எழுது, வர வேண்டியதை எழுதாதே" என்று சிவப்பு மையில் அடித்து அடித்து எழுதிக்கொடுப்பவள் நான். அதே கையால் கஷாயத்தை வாங்கிக் குடித்து, நீ எதிர்பார்த்த விடையை மாதாமாதம் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் என்னைக் காட்டி, "இவளைப் பாருங்க" என்று சொன்னாய். மற்ற டீச்சர்களும் பட்டை கேட்க ஆரம்பித்தார்கள். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மழைக்காலக் காலையில், நஞ்சன்கூடு வருவதற்கு முன்னாலேயே எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு நீயும் ஒரு மூடி ஊற்றிக் குடித்தாய். நான் பார்த்தேன்.

"எனக்கும் கொஞ்ச நாளா ஜாஸ்தியா போகுது. நடுநடுவுலயும் வருது. நிக்கிற வயசு, அப்படித்தான் ஆட்டம் காட்டும். உனக்குக் கேட்டுது, எனக்குக் கேக்காதா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னதெல்லாம் பொய், நீ நாளைக்கே டாக்டரிடம் போ என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ் கபினிப் பாலத்தில் ஏறியது. புதுத் தண்ணீர் செம்மண் கலரில் ஓடிக்கொண்டிருந்தது, எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நான் அதைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு "ம்ம்" என்றேன். இரண்டு வருடமாக என்னைத் தூங்கவிடாதது அந்த "ம்ம்"தான்.

அதற்கப்புறம் எட்டு மாதம் நீ குடித்தாய். ஒருநாள் கபடி கோட்டுக்குச் சுண்ணாம்புப் பொடி போட்டுக்கொண்டிருக்கும்போது மைதானத்திலேயே விழுந்தாய். டாக்டரிடம் நான்தான் கூட வந்தேன். அந்த அறை எனக்கு அப்படியே கண்ணில் இருக்கிறது. டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார், எத்தனை மாதமாக என்று. எட்டு மாதம் இருக்கும் என்றாய். பேனாவை நிறுத்திவிட்டு, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்றார்.

"கஷாயம் குடிச்சிட்டிருந்தேன் மேடம். இவளுக்கு நல்லா கேட்டுது" என்று மோவாயால் என்னைக் காட்டினாய். அந்த நிலைமையிலும் உன் குரலில் ஒரு பெருமை இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

ஸ்கேன், சதைப் பரிசோதனை, பெங்களூர், ஆபரேஷன், மருந்து எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். கர்ப்பப்பையில் ஆரம்பித்தது வெளியேயும் பரவிவிட்டது என்றார்கள். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ பெங்களூரில் இருந்தபோது நான் தனியாகப் போய் என்னையும் காட்டினேன். நார்க்கட்டி இரண்டு. பயப்படுகிற ஜாதி இல்லை என்றார்கள். ரத்தம் ஏழுதான் இருந்தது. இந்த ரத்தத்தோடு எப்படி மாடிப்படி ஏறி வகுப்பெடுத்தீர்கள் என்று அந்த டாக்டர் திட்டினார். மாத்திரை கொடுத்தார், மூன்று மாதத்தில் கட்டுக்குள் வந்தது. என் பையில் மாத்திரை அட்டையைப் பார்த்து நீ கேட்டபோது சத்து மாத்திரை என்றேன். பொய்யிலும் கொஞ்சம் உண்மை கலந்தால் வாய் கூசாமல் வந்துவிடுகிறது.

கடைசி இரண்டு மாதம் பள்ளியிலிருந்து நேராக உன் வீட்டுக்கு வருவேன். நீ கேட்பது ஒன்றுதான். "புதுசா வந்த பி.டி. மாஸ்டர்கிட்ட பின்னல் விஷயம் சொன்னியா? ஏன்னு கேக்கக்கூடாது, அதைச் சொன்னியா?" சொல்லிவிட்டேன் என்பேன். அது பொய் இல்லை. அந்த மனிதர் முதலில் கூச்சப்பட்டார், ஆனால் இன்றுவரை ஒரு பெண்ணையும் ஏன் என்று கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம், உன் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். நாம் இருவர் மட்டும். உன் கை என் கைக்குள் இருந்தது, அவ்வளவு லேசாக. "உனக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றாய்.

"நல்லாருக்குது புள்ள. நின்னாப்பலதான்."

"போதும். நான் செஞ்சதுல ஒண்ணாவது உருப்படியாச்சே" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

அன்றைக்கு உண்மையைச் சொல்லி என்ன பிரயோஜனம், உன் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன். நான் பயந்தேன், அவ்வளவுதான். நீ என்னை வேறு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன்.

முன்னாலேயே டாக்டரிடம் போயிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? உன் டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சீக்கிரம் வந்திருந்தால் நல்லது என்றார். நானும் ஏதோ ஒரு பக்கமாக விடை வரும் என்று எதிர்பார்த்துப் போனேன். அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது உன் மகள். ஃபிளாஸ்க், பட்டை, முன்னால் போட்ட பின்னல். எப்படிக் காய்ச்சணும் என்று கேட்டுவிட்டு, எழுதிக்கொள்ளப் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உன் கண் அவளுக்கு அப்படியே இருக்கிறது. பாலும் தண்ணீரும் எவ்வளவு என்று என் வாய் சொல்லியிருக்கும், அவ்வளவு பழக்கம்.

"எனக்கு அது கேக்கலை கண்ணு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "ஹௌதா, அப்படியா? அம்மா சொன்னாங்களே?"

"நான்தான் அம்மாகிட்ட பொய் சொன்னேன். ஒரு மாசங்கூட கம்மியாகலை. உங்கம்மா மனசு நோகக்கூடாதுன்னு சொன்னேன். அதை நம்பித்தான் அவளும் குடிச்சா. என்னை நம்பித்தான் டாக்டர்கிட்ட போகாம இருந்தா."

எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், "ம்ம்", டாக்டர் அறை, அந்தச் சாயங்காலம். அவள் போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அம்மாகிட்ட சொல்லிருக்கலாம் இல்லையா ஆன்ட்டி?" என்றாள். கோபத்தில்கூடக் குரல் உயரவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாளைக்கே டாக்டரிடம் போகலாம், நான் வருகிறேன் என்றேன். "வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டாள். ஃபிளாஸ்க்கையும் பட்டையையும் அப்படியே விட்டுப் போனாள். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. உன்னையும் இழந்து, உன் பெண்ணையும் இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். பதினோராம் நாள், இடைவேளை மணி அடிக்கும்போது போன் வந்தது. "ஆன்ட்டி, ஸ்கேனுக்கு உக்கார்ந்திருக்கேன். தண்ணி நிறைய குடிக்கச் சொன்னாங்க. நீங்க வர முடியுமா?" என்றாள். அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டே மைசூர் வந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஸ்கேனே முடிந்திருந்தது. பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் வைத்திருந்தாள்.

பயப்பட ஒன்றுமில்லை, பீட்டி. முதலில் இதைச் சொல்லாமல் இவ்வளவு எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது. தைராய்டில் கோளாறு, அதனால்தான் இப்படி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் குறைவு, அதற்கும் ஒரு மாத்திரை. டாக்டர் உன் வயசுப் பெண்மணி. உன்னைப் பற்றிச் சொன்னதும் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார், வருஷாவருஷம் வந்து பார்க்கச் சொன்னார். நான் விடாமல், ராகி, கீரை, வாழைப்பூ எல்லாம் கொடுக்கலாமா என்றேன். "தாராளமா கொடுங்க, உடம்புக்கு நல்லது. ஆனா மாத்திரையை நிறுத்தாம கொடுங்க. மாத்திரை போட்டா ஒரு மணி நேரத்துக்குக் காபி கிடையாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் மகள் என்னைப் பார்த்தாள். நம் ராகிக் களியையும் காபியையும் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். நான்கு தெரு வந்தபிறகு அவளும் சிரித்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். நான் சந்தையிலிருந்து வாழைப்பூ வாங்கி வைத்திருப்பேன். தரையில் செய்தித்தாள் விரித்து இருவரும் உட்கார்ந்து ஆய்வோம். அவளுக்கு நரம்பு எடுக்கப் பொறுமை கிடையாது, பாதியை விட்டுவிடுவாள், சாப்பிடும்போது பல்லில் மாட்டும். "அம்மா எப்படி ஆன்ட்டி பஸ்லயே செஞ்சாங்க?" என்பாள். உன் பட்டையை நான் தூக்கிப் போடவில்லை. பைக்குள்ளேயே இருக்கிறது. யாருக்காவது அது கேட்கவும் கேட்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்கவில்லை என்பது மட்டும்தான் நான் பார்த்தது.

நேற்று வந்திருந்தாள். மாத்திரை ஆரம்பித்தபின் முதல் மாதம் அப்போதுதான் முடிந்திருந்தது. காலை ஐந்து மணிக்கே எழுந்து பருப்பு வேகவைத்து, வாழைப்பூ உசிலியும் முருங்கைக்கீரைச் சாறும் செய்தேன். தட்டு வைத்துப் பரிமாறினேன். அவள் சாப்பிட ஆரம்பித்தாள். எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"கம்மி ஆச்சா?"

கேட்டபிறகுதான் அது உன் கேள்வி என்று உறைத்தது. நான் இப்போது உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்த கண்ணோடு, ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காக. அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் விசில் இல்லாமலே ஊதியிருப்பேன்.

"இல்ல ஆன்ட்டி. ஒண்ணும் கம்மி ஆகலை" என்றாள். தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "உசிலி சூப்பரா இருக்கு. இன்னும் கொஞ்சம் போடுங்க."

"அப்ப நாளைக்கு டாக்டருக்குப் போன் பண்ணலாமா?"

"ஆங், பண்ணலாம்."

எனக்கு ஒரு நிமிடம் வலித்தது, மறைக்கமாட்டேன். அவ்வளவு செய்தும் குறையவில்லையே என்று. உனக்கும் அவ்வளவுதான் வலித்திருக்கும், பீட்டி. ஒரு நிமிடம். அதைக்கூட உன்னால் தாங்க முடியாது என்று நானாக நினைத்துக்கொண்டேன். எழுந்து போய் இன்னும் இரண்டு கரண்டி உசிலி கொண்டுவந்து உன் மகள் தட்டில் போட்டேன்.